தூய எரிசக்தி ஸ்டார்ட்அப்களுக்கு அரசு மானியம்: என் மதிப்பெண் தாளைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்

புதுப்பொறுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். தூய எரிசக்தித் துறை ஸ்டார்ட்அப்களுக்கு அரசு தரும் மானியத் திட்டம் ஒன்றை நடத்தும் பொறுப்பு மூன்று வாரத்துக்கு முன் என்னிடம் வந்தது. பதினோரு ஆண்டாக மானியக் கோப்புகள் பார்த்தவன்தான். ஆனால் அவையெல்லாம் கட்டடம், கருவி, பயிற்சி வகுப்பு சம்பந்தப்பட்டவை. கட்டடம் எழும்பியதா, கருவி வந்து இறங்கியதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே பணம் வாங்கும் நிறுவனம் அடுத்த ஆண்டு இருக்குமா என்பதே நிச்சயமில்லை.

முதல் சுற்று அறிவிப்பு சீக்கிரம் வெளிவர வேண்டும். மதிப்பெண் தாள் தயார் செய்திருக்கிறேன். தொழில்நுட்பத்துக்கு 30, குழுவுக்கு 20, சந்தைக்கு 20, உமிழ்வுக் குறைப்புக்கு 20, செலவுத் திட்டத்துக்கு 10. ஐந்து நிபுணர்கள் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். சராசரி எடுத்து, மேலிருந்து கீழாக நிதி தீரும் வரை கொடுப்போம். இந்த விகிதம் சரியா? மக்கள் வரிப்பணம் தவறான ஆளிடம் போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

செங்காந்தள்:

இதே மாதிரியான வேலையை ஒன்பது ஆண்டு பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தாள் மோசமில்லை. சந்தைக்கு 20ஆ 25ஆ என்று ரொம்ப யோசிக்காதீர்கள். நாங்கள் ஒருமுறை பழைய சுற்று ஒன்றின் மதிப்பெண்களை எடுத்து, மூன்று வேறு விகிதங்களில் போட்டுப் பார்த்தோம். உச்சியில் இருந்தவர்கள் உச்சியிலேயே இருந்தார்கள், அடியில் இருந்தவர்கள் அடியிலேயே. நிதி தீர்ந்துபோகும் இடமான வெட்டுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிலர்தான் இடம் மாறினார்கள்.

நீங்கள் கேட்காத கேள்விதான் எனக்கு உறுத்துகிறது. முடிவு அறிவித்த நாளிலிருந்து முதல் தவணை வங்கிக் கணக்கில் ஏறும் நாள் வரை எத்தனை நாள் ஆகும்? இடையில் யார் யார் கையெழுத்து? ஒரு தாளில் அதை எழுதிப் பாருங்கள். நான் பார்த்தவரை, தவறான ஆளைத் தேர்ந்தெடுத்துக் கெட்ட திட்டங்களைவிட, சரியான ஆளுக்கு நேரத்துக்குப் பணம் போகாமல் கெட்ட திட்டங்கள்தான் அதிகம்.

மின்கலன்:

செங்காந்தள் அம்மா சொன்னதற்கு நானே சாட்சி. வீட்டுச் சேமிப்பு மின்கலன்களுக்கு ஒரு புதுவகை மின்முனை செய்யும் நிறுவனம் எங்களுடையது. ஆறு பேர். ஒரு அரசு மானியத்துக்குத் தேர்வானோம் என்று கடிதம் வந்த அன்று எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதோம். ஒப்பந்தம் கையெழுத்தாக ஏழு மாதம் ஆனது. முதல் பணம் வர மேலும் நான்கு மாதம்.

அந்தப் பதினோரு மாதத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். பூச்சு போடும் இயந்திரத்துக்கு வாங்கிய கொட்டேஷன் காலாவதியாகி, புதிய விலை கூடுதலாக வந்தது. விலை மாறியதால் செலவுத் திட்டத்தைத் திருத்தி மறுபடி ஒப்புதல் வாங்கச் சொன்னார்கள். அதற்கு ஆறு வாரம். எங்கள் மின்வேதியியல் பொறியாளர் நான்கு மாதம் பாதிச் சம்பளத்தில் இருந்தார். வீட்டில் குழந்தை பிறந்தது, வேறு வேலைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் விண்ணப்பத்தில் "குழு" என்ற தலைப்பில் எங்களுக்கு மதிப்பெண் வாங்கித் தந்தவரே அவர்தான். பணம் வந்தபோது, எந்தக் குழுவைப் பார்த்துப் பணம் கொடுத்தார்களோ அந்தக் குழு இல்லை.

இன்னொன்று. மானியம் முழுக்கச் "செலவு செய்துவிட்டு பில் கொடுங்கள், திருப்பித் தருகிறோம்" என்ற முறை. கையில் பணம் இல்லாததால்தானே மானியமே கேட்டோம்?

ஐந்தொகை:

நான் தணிக்கைப் பக்கம். மின்கலனின் வருத்தம் புரிகிறது, ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். செலவான பிறகு திருப்பிக் கொடுக்கும் முறை காரணமில்லாமல் வந்ததில்லை. புத்தாக்கத்துக்கு மானியம் தரும் பிரிட்டனின் இன்னொவேட் யூகே மாதிரியான அனுபவமுள்ள அமைப்பே காலாண்டுக்கு ஒருமுறை, செலவு முடிந்த பிறகு பணம் தருவதைத்தான் வழக்கமாக வைத்திருக்கிறது. முன்பணமாகக் கொடுத்த பணம் வைப்புநிதியில் போய் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பழைய கடனை அடைத்ததைப் பார்த்திருக்கிறேன். நிறுவனம் மூடிய பிறகு அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க எந்த வழியும் இருக்காது. அப்போது கோப்பில் கையெழுத்துப் போட்ட அதிகாரியைத்தான் கேட்பார்கள்.

சோலிண்ட்ரா என்று சூரிய மின்தகடு செய்த ஒரு அமெரிக்க நிறுவனம். 2009ல் அமெரிக்க எரிசக்தித் துறையின் உத்தரவாதத்தோடு 53.5 கோடி டாலர் கடன். 2011 செப்டம்பரில் திவால். அதன்பின் அந்தத் துறை அதிகாரிகள் பல ஆண்டு அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அலைவரிசை:

ஐந்தொகை ஐயா, சோலிண்ட்ரா உதாரணம் எங்கே போனாலும் வருகிறது. அதை முழுதாகச் சொல்ல வேண்டும். நான் முதலீட்டு நிறுவனம் ஒன்றில் எரிசக்திப் பிரிவில் இருக்கிறேன்.

முதலில், அது மானியமே இல்லை, தொழிற்சாலை கட்டக் கொடுத்த கடன் உத்தரவாதம். சூரியத் தகடுகளின் வழக்கமான மூலப்பொருளான சிலிக்கானின் விலை உச்சத்தில் இருந்தபோது, சிலிக்கான் தேவைப்படாத உருளை வடிவத் தகடு என்பதுதான் அவர்களுடைய பலம். சிலிக்கான் விலை சரிந்ததும் அந்தப் பலமே காணாமல் போனது. அடுத்து, எரிசக்தித் துறையின் அதே கடன் அலுவலகம் 2010ல் டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கொடுத்தது. டெஸ்லா 2013லேயே, கெடுவுக்குப் பல ஆண்டு முன்னதாக, அதைத் திருப்பிக் கட்டிவிட்டது. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒற்றைத் தோல்வியை வைத்து ஒரு திட்டத்தை எடைபோட்டால், அடுத்து வரும் அதிகாரி தோற்கவே முடியாத நிறுவனத்துக்கு மட்டும் கொடுப்பார். தோற்க முடியாத நிறுவனத்துக்கு மானியம் எதற்கு? வங்கியே கொடுக்குமே.

மானியத்தில் கெட்ட உதாரணம் வேண்டுமானால் ஏ123 சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். மின்கலன் தொழிற்சாலைகளுக்காக 2009ல் கிட்டத்தட்ட 25 கோடி டாலர் மானியம் ஒதுக்கினார்கள், 2012ல் திவால். அங்கேயும் பணம் தொழிற்சாலைக்கு, அதுவும் வாங்குபவர்கள் போதுமான அளவுக்கு வருவதற்கு முன்பே.

புதுப்பொறுப்பு, உங்கள் மானியம் எந்தக் கட்டத்துக்கு? ஆய்வகத்தில் ஒரு கலம் ஓடுகிறதா என்று பார்க்கவா, தொழிற்சாலை கட்டவா? இரண்டையும் ஒரே தாளில் மதிப்பெண் போட முடியாது.

புதுப்பொறுப்பு:

நல்ல கேள்வி. அறிவிப்பில் "தொழில்நுட்பத் தயார்நிலை 4 முதல் 7 வரை" என்று இருக்கிறது. நாசாவின் ஒன்பது படி அளவுகோலைத்தான் எடுத்திருக்கிறோம். அதாவது ஆய்வகத்தில் ஓடிய ஒன்றை, உண்மையான சூழலில் ஓடும் மாதிரி வரை கொண்டுபோவது. தொழிற்சாலை இல்லை.

செங்காந்தள் அம்மா கேட்ட கையெழுத்துக் கணக்கை நேற்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். முடிவு அறிவிப்பிலிருந்து முதல் தவணை வரை 14 படி. ஒவ்வொரு படிக்கும் வழக்கமாக ஆகும் நாளைக் கூட்டினால் 190 நாள். ஒன்பது மாதத் திட்டங்களுக்குக்கூட நாங்கள் விண்ணப்பம் கேட்கிறோம். எழுதிப் பார்க்கும்வரை இது எனக்கு உறைக்கவே இல்லை.

செங்காந்தள்:

190 நாளை உடனே 30 ஆக்க முடியாது, ஆனால் 60 ஆக்க முடியும். எங்கள் அனுபவத்தில் பெரிய இழுவை ஒப்பந்தத்தில்தான். முடிவு வந்த பிறகு ஒப்பந்த நகலை அனுப்புவார்கள், நிறுவனத்தின் வக்கீல் காப்புரிமைப் பிரிவில் கேள்வி எழுப்புவார், அது சட்டப் பிரிவுக்குப் போகும், அங்கே நாற்பது நாள் உறங்கும். நாங்கள் மாதிரி ஒப்பந்தத்தை அறிவிப்போடு சேர்த்தே வெளியிட்டோம். "இதைப் படித்தேன், ஆட்சேபனை இருந்தால் இங்கே எழுதுகிறேன்" என்று விண்ணப்பத்திலேயே ஒரு கட்டம். தேர்வு நடக்கும் வாரங்களிலேயே சட்டப் பிரிவு அந்த ஆட்சேபனைகளைப் பார்த்து முடித்துவிடும்.

அப்புறம் நிறுவனப் பதிவு, வங்கிக் கணக்கு, வரிச் சான்று மாதிரியான சரிபார்ப்புகள். எல்லாவற்றையும் எல்லாரிடமும் முதலிலேயே கேட்காதீர்கள், விண்ணப்பிப்பவருக்குப் பாரம். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் நேர்காணலுக்கு முன் வாங்கிவிடுங்கள். அதில் பாதிப் பேருக்குப் பணம் கிடைக்காது, உண்மைதான். ஆனால் கிடைப்பவர்களுக்கு ஒரு மாதம் மிச்சம்.

ஆய்வுக்கூடம்:

நான் மதிப்பீட்டாளராக இருந்தவன், மின்வேதியியல் பொறியாளர். இரண்டு விஷயம்.

ஒன்று, சராசரி. ஐந்து பேரும் 70 கொடுத்த விண்ணப்பமும், இரண்டு பேர் 95, மூன்று பேர் 50 கொடுத்ததும் உங்கள் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் வரும். இரண்டும் ஒன்றில்லை. இரண்டாவதில் ஏதோ விவாதம் இருக்கிறது, அதைக் கேட்டே ஆக வேண்டும். எரிசக்தி ஆய்வுகளுக்கு நிதி தரும் அமெரிக்காவின் ஆர்ப்பா-ஈ அமைப்பில் திட்ட இயக்குநர்கள் மதிப்பெண் வரிசையை அப்படியே பின்பற்றக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. நிபுணர்கள் ஒத்துப்போகாத விண்ணப்பங்களைத் தேடி எடுக்கவும் அவர்களுக்கு இடம் உண்டு. விண்ணப்பித்தவர் மதிப்பீட்டாளரின் குறிப்புகளைப் படித்து, முடிவுக்கு முன்பே மறுமொழி எழுதும் வாய்ப்பும் அங்கே இருக்கிறது. அந்த மறுமொழிக்கு நிறைய மதிப்பு உண்டு. நான் ஒருமுறை வெப்பச் சேமிப்பு விண்ணப்பம் ஒன்றில் உப்பின் உருகுநிலையைத் தவறாகப் புரிந்துகொண்டு குறைத்துப் போட்டேன். அவர்களுக்கு மறுமொழி எழுத வழி இல்லாமல் இருந்திருந்தால் என் தவறால் அவர்கள் போயிருப்பார்கள்.

விண்ணப்பச் சுமை பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்ப்பா-ஈ 2009ல் முதல் அழைப்பு விட்டபோது சுமார் 3,700 சுருக்க விண்ணப்பங்கள் வந்தன. கடைசியில் நிதி கிடைத்தது 37 திட்டங்களுக்கு. நூற்றுக்கு ஒன்று. அதனால்தான் முதல் கட்டத்தில் சில பக்கச் சுருக்கம் மட்டும் கேட்க வேண்டும். நாற்பது பக்கம் எழுதவைத்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரைத் திருப்பி அனுப்பினால், அவர்கள் ஆய்வகத்தில் செலவிட்டிருக்க வேண்டிய மாதங்களை நாம் எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம்.

இரண்டாவது விஷயம் மைல்கல், அதாவது அடுத்த தவணை வாங்க நிறுவனம் எட்டிக் காட்ட வேண்டிய இலக்கு. அதைத் தனியாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

அலைவரிசை:

ஆய்வுக்கூடம் எழுதும்வரை தொகை பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய மானியம் சிலருக்கா, சிறியது பலருக்கா என்ற கேள்விக்கு நல்ல ஆய்வு இருக்கிறது. பொருளாதார ஆய்வாளர் சப்ரினா ஹவல் 2017ல் வெளியிட்டது. அமெரிக்க எரிசக்தித் துறை சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்த மானியங்களில், வெட்டுக்கோட்டுக்கு மேலே நின்று வாங்கியவர்களையும் கீழே நின்று தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார். முதல் கட்ட மானியம் 1,50,000 டாலர்தான். அது கிடைத்தவர்கள் பிறகு தனியார் முதலீடு பெறும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாக, கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருந்தது. இரண்டாம் கட்டம் 10 லட்சம் டாலர் அளவு. அதற்கு அப்படிப்பட்ட விளைவு தென்படவில்லை.

காரணம்தான் முக்கியம். "அரசே தேர்ந்தெடுத்தது, நல்ல நிறுவனமாக இருக்கும்" என்று நினைத்து முதலீட்டாளர்கள் வரவில்லை. அந்தச் சிறு பணத்தில் ஒரு மாதிரியைச் செய்து ஓட்டிக் காட்ட முடிந்தது, அதைப் பார்த்து வந்தார்கள். என் அனுபவமும் அதுதான். என் மேசைக்கு வரும் நிறுவனத்திடம் நான் மானியக் கடிதத்தைக் கேட்பதில்லை, சோதனைத் தரவைக் கேட்கிறேன்.

மின்கலன்:

சோதனைத் தரவு சரி. அதை எடுக்கத்தான் பணம் நேரத்துக்கு வர வேண்டும்.

ஆய்வுக்கூடம்:

இப்போது மைல்கல். எனக்கு வந்த ஒரு திட்டத்தில் இருந்ததை, நிறுவனம் யாரென்று தெரியாதபடி மாற்றித் தருகிறேன். ஹைட்ரஜன் எடுக்கும் மின்பகுப்பிக் கலங்களின் அடுக்கு. ஒப்பந்தத்தில் இரண்டாம் மைல்கல் இப்படி இருந்தது: "5 கிலோவாட் அடுக்கை உருவாக்கிச் சோதனை முடித்து அறிக்கை சமர்ப்பித்தல்."

இதில் என்ன தவறு? அடுக்கு பத்து நிமிடம் ஓடி நின்றாலும் சோதனை முடிந்தது, அறிக்கை சமர்ப்பித்தாயிற்று, தவணையைத் தந்தே ஆக வேண்டும். நன்றாகவே ஓடி, ஒரு கருவி பழுதாகி அறிக்கை தாமதமானால் தவணை நிற்கும். எது தெரிய வேண்டுமோ அது மட்டும் இதில் இல்லை.

நான் திருத்தி எழுதியது: "அடுக்கு 500 மணி நேரம் ஓட வேண்டும். மின்னோட்டம் மாறக் கூடாது. ஒரு கலத்தின் மின்னழுத்தம் சராசரியாக 25 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது." அதே மின்னோட்டத்துக்கு மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போனால் கலம் தேய்கிறது என்று பொருள். நிறுவனரும் ஒத்துக்கொண்டார். குழுவில் இருந்த இன்னொருவர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். 500 மணிக்கு 25 மில்லிவோல்ட் என்றால் மணிக்கு 50 மைக்ரோவோல்ட். 40,000 மணி நேரம் ஓட வேண்டிய இயந்திரத்தில் அது 2 வோல்ட் ஏற்றம். 1.8 வோல்ட்டில் தொடங்கும் கலம் அது! யாரும் வாங்க மாட்டார்கள். சரி, இதை இடைக்கட்டமாக மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த மைல்கல்லில் 5 மில்லிவோல்ட் என்று போட்டோம்.

அப்போது நிறுவனரே ஒன்றைச் சொன்னார். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே கலத்தின் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் நகரும். 5 மில்லிவோல்ட்டை அளக்க வேண்டுமானால் முதலில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்த வேண்டும், அதற்கு ஒரு குளிர்விப்பான் வேண்டும், அது செலவுத் திட்டத்திலேயே இல்லை. ஆக, இரண்டு வரி மைல்கல்லை ஒழுங்காக எழுத உட்கார்ந்த ஒரு மதியத்தில், செலவுத் திட்டத்தில் இருந்த ஓட்டையும் தெரிந்தது, நிறுவனருக்குத் தன் வேலை தெரியும் என்பதும் தெரிந்தது. எந்த மதிப்பெண் தாளும் எனக்கு அதைக் காட்டியதில்லை.

புதுப்பொறுப்பு:

இதைப் படித்துவிட்டு எங்கள் மாதிரி ஒப்பந்தத்தைத் திறந்தேன். மைல்கற்கள் எல்லாமே "சமர்ப்பித்தல்", "நிறைவு செய்தல்", "கொள்முதல்" என்றுதான் முடிகின்றன. பழைய கட்டடக் கோப்பிலிருந்து அப்படியே வந்திருக்கிறது.

ஒரு சந்தேகம். 5 மில்லிவோல்ட் என்று போட்டு, 9 வந்தால்? தவணையை நிறுத்திவிடலாமா?

செங்காந்தள்:

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். மைல்கல் தவறியதும் தானாகவே பணம் நிற்கும் என்று எழுதிவிட்டால், எல்லாரும் எளிதாகத் தாண்டக்கூடிய மைல்கல்லாகப் பார்த்து எழுதித் தருவார்கள். எங்கள் வழக்கம் இது: மைல்கல் நாளன்று திட்ட அதிகாரியும் ஒரு நிபுணரும் நேரில் போவார்கள். தரவைப் பார்ப்பார்கள், அறிக்கையை அல்ல. முடிவு மூன்றில் ஒன்று. தொடரலாம், திசையை மாற்றித் தொடரலாம், நிறுத்தலாம். 9 வந்தது, ஏன் வந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்பதும் தெரிகிறது என்றால் பணம் போகும். 4 வந்தது, ஆனால் எப்படி வந்தது என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை என்றால், நான் யோசிப்பேன்.

நிறுத்துவதையும் சொல்லிவிடுகிறேன். நான் நிறுத்திய முதல் திட்டம் ஒரு சேமிப்புக் கலத் திட்டம். சவ்வு வழியாகக் கசிவு. மூன்று பொருள் மாற்றியும் நிற்கவில்லை. நிறுவனர் பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது இருக்கும். கூட்டம் முடிந்து வெளியே வந்து, "மேடம், இது ஓடாது என்று எனக்கு நான்கு மாதமாகத் தெரியும். சொன்னால் பணம் நின்று, மூன்று பேருக்கு வேலை போய்விடும் என்று சொல்லவில்லை" என்றார். அந்த நான்கு மாதப் பணமும் உழைப்பும் வீண். அவரைப் பேசவிடாமல் செய்தது எங்கள் விதிதான். அடுத்த ஒப்பந்தத்திலிருந்து ஒரு பிரிவு சேர்த்தோம்: தொழில்நுட்பக் காரணத்தால் திட்டம் நின்றால் மூன்று மாதச் சம்பளமும், தரவைத் தொகுத்து ஒப்படைக்கும் செலவும் மானியத்திலிருந்தே கொடுக்கப்படும், கொடுத்த பணம் திருப்பிக் கேட்கப்படாது, அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கத் தடையும் இல்லை. அதன்பின் நிறுவனர்களே வந்து "இது ஓடாது" என்று சொல்லத் தொடங்கினார்கள். மிச்சமான பணம் வேறு திட்டத்துக்குப் போனது.

ஐந்தொகை:

இந்தக் கடைசிப் பத்தியை எங்கள் அலுவலகத்தில் பலர் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தணிக்கையில் நாங்கள் "திட்டம் தோற்றதா" என்று கேட்பதாகப் பலர் பயப்படுகிறார்கள். நல்ல தணிக்கையாளர் கேட்பது வேறு. அன்று அந்த முடிவை எடுக்கும்போது உங்கள் கையில் என்ன தரவு இருந்தது? யார் பார்த்தார்கள்? மாற்றுக் கருத்து இருந்ததா, அதை எழுதி வைத்தீர்களா? ஒரு பக்கக் குறிப்பு போதும், ஆனால் அன்றே எழுதி, தேதியிட்டு, கோப்பில் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து எழுதிய பத்துப் பக்க விளக்கத்தைவிட அதற்குப் பலம் அதிகம்.

முன்பண விஷயத்தில் என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மின்கலன் சொன்ன பதினோரு மாதத்தைப் படித்த பிறகு, முழுக்கச் செலவுக்குப் பின் தருவது சிறு நிறுவனத்துக்கு ஒத்துவராது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டுப்பாடு வேண்டும். மானியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதன் விவரத்தை எப்போது வேண்டுமானாலும் பார்க்கும் அனுமதி திட்ட அலுவலகத்துக்கு. முதல் ஆறு மாதச் செலவு முன்பணம். அதில் 70 சதவீதம் செலவானதும் அடுத்த தவணைக்குக் கேட்கலாம், பயன்பாட்டுச் சான்றிதழோடு. பட்டயக் கணக்காளர் சான்று ஒவ்வொரு தவணைக்கும் வேண்டாம், ஆண்டுக்கு ஒன்று போதும். கடைசி 10 சதவீதம் மட்டும் இறுதிக் கணக்கு முடிந்த பிறகு.

மின்கலன்:

ஐயா, இது மட்டும் இருந்திருந்தால் எங்கள் பொறியாளர் போயிருக்க மாட்டார். மனமார்ந்த நன்றி.

இன்னொரு சின்ன வேண்டுகோள். செலவுத் தலைப்புகள். பொருளுக்கு ஒதுக்கியதில் மிச்சம், சோதனைக் கட்டணத்துக்குப் பற்றாக்குறை என்றால், ஒவ்வொரு முறையும் ஒப்புதலுக்கு ஓட வேண்டியிருந்தது. மொத்தத் தொகையில் 15 சதவீதம் வரை நாங்களே மாற்றிக்கொண்டு, அறிக்கையில் சொன்னால் போதும் என்று வையுங்கள். புதுப் பொருளை உருவாக்குகிறவரால் ஒரு ஆண்டுக்கு முன்பே ஒவ்வொரு குடுவைக்கும் விலை சொல்ல முடியாது.

அலைவரிசை:

நிதியாண்டு முடிவையும் கவனியுங்கள். ஒதுக்கிய பணம் ஆண்டுக் கடைசியில் காலாவதியாகும் என்றால், கடைசி மாதத்தில் இரண்டு பக்கமும் அவசரம் பிடிக்கும். அலுவலகம் மைல்கல்லைக் கவனமாகப் பார்க்காமல் தவணையை விடும். நிறுவனம் தேவையோ இல்லையோ ஒரு கருவியை வாங்கி வைக்கும். மைல்கல் நாள்களை ஆண்டுக் கடைசியில் குவியாதபடி, ஆண்டு முழுக்கப் பரப்பி வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஆய்வுக்கூடம்:

மதிப்பீட்டாளர்கள் தேர்வில் ஒன்று விட்டுப்போனது. மின்பகுப்பி, சவ்வு மாதிரியான குறுகிய துறைகளில் விஷயம் தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். மாணவர், பழைய கூட்டாளி, போட்டி நிறுவனத்தின் ஆலோசகர். "முரண்பாடு இல்லை" என்று பொதுவாக ஒரு கையெழுத்து வாங்குவதில் பயனில்லை. விண்ணப்பித்த நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலை முதலில் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உறவை எழுதச் சொல்லுங்கள். அதன்பிறகே விண்ணப்பத்தைக் காட்டுங்கள். விண்ணப்பதாரரும் "இவர் பார்க்க வேண்டாம்" என்று இரண்டு பெயர் சொல்ல அனுமதி கொடுங்கள்.

செங்காந்தள்:

தேர்வாகாதவர்களையும் மறந்துவிடாதீர்கள். ஐரோப்பியப் புத்தாக்கக் கவுன்சிலில் தரம் எட்டியும் நிதி போதாமல் விடுபட்டவர்களுக்கு ஒரு சிறப்பு முத்திரைச் சான்று தருகிறார்கள், அதைக் காட்டி வேறு நிதிகளில் முயலலாம். நம்மால் அதுகூட முடியாவிட்டாலும், மதிப்பீட்டாளர் குறிப்புகளை வெட்டாமல் முழுதாகக் கொடுக்கலாம். "வருந்துகிறோம்" என்று இரண்டு வரிக் கடிதம் மட்டும் அனுப்பாதீர்கள். எங்களிடம் முதல் சுற்றில் விடுபட்டு, குறிப்பைப் படித்துத் திருத்திக்கொண்டு இரண்டாம் சுற்றில் வந்தவர்கள்தான் பல தடவை நல்ல திட்டங்களைக் கொண்டுவந்தார்கள்.

புதுப்பொறுப்பு:

எல்லாருக்கும் நன்றி. கடந்த பத்து நாளில் செய்ததைச் சொல்கிறேன்.

அறிவிப்பைத் தள்ளி வைத்திருக்கிறோம், ஆறு வாரம். மேலிடத்தில் இதற்கு ஒப்புதல் வாங்க நான் காட்டியது அந்த 14 படித் தாளைத்தான். மாதிரி ஒப்பந்தம் அறிவிப்போடு வெளிவரும். 14 படி 8 ஆகியிருக்கிறது, கணக்குப்படி 70 நாள். முதல் ஆறு மாதம் முன்பணம், தனிக் கணக்கு, 70 சதவீத விதி எல்லாவற்றையும் நிதிப் பிரிவு ஏற்றுக்கொண்டது. தலைப்பு மாற்றத்துக்கு 15 சதவீதம் கேட்டேன், 10 கொடுத்தார்கள். தொகையையும் பிரித்திருக்கிறோம். முதல் கட்டம் சிறிய தொகை, அதிகம் பேருக்கு, ஒரே ஒரு கேள்விக்கு விடை காண. இரண்டாம் கட்டம் அதிலிருந்து சிலருக்கு.

மைல்கல் எழுதும் கூட்டத்தை ஒப்பந்தத்துக்கு முன் அரை நாள், நிறுவனத்தின் ஆய்வகத்திலேயே வைக்கப் போகிறோம். மதிப்பெண்ணில் நிபுணர்களுக்குள் 25க்கு மேல் வித்தியாசம் வந்தால் சராசரியோடு விடாமல் ஒரு கலந்துரையாடல்.

திட்டத்தை நிறுத்துவது பற்றிய பிரிவு மட்டும் இன்னும் முடிவாகவில்லை. "திருப்பிக் கேட்கப்படாது" என்ற சொல்லில் சட்டப் பிரிவுக்குத் தயக்கம். மோசடி செய்தவரும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வார் என்கிறார்கள்.

ஐந்தொகை:

அந்தத் தயக்கம் நியாயமானது, ஆனால் பிரித்து எழுதினால் தீர்ந்துவிடும். "ஒப்பந்தத்தில் சொன்ன நோக்கத்துக்குச் செலவானதாகக் கணக்கில் உறுதியான தொகை, தொழில்நுட்ப விளைவு எதுவானாலும், திருப்பிக் கேட்கப்படாது. வேறு நோக்கத்துக்குச் செலவானதும், பொய்யான தரவின் பேரில் பெற்றதும் வட்டியோடு திரும்பப் பெறப்படும்." இந்த இரண்டு வாக்கியமும் ஒரே பிரிவில், அடுத்தடுத்து இருக்க வேண்டும். சட்டப் பிரிவில் யாராவது பேச விரும்பினால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், வரைவைச் சேர்ந்தே பார்க்கலாம்.

செங்காந்தள்:

நான்கு மாதமாகச் சொல்லத் தயங்கிய அந்தப் பெண் இப்போது இன்னொரு நிறுவனம் நடத்துகிறார், வெப்பப் பரிமாற்றி செய்கிறார். முதல் கூட்டத்திலேயே, எந்தச் சோதனை தோற்றால் தானே நிறுத்திவிடுவேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தார். உங்கள் மைல்கல் கூட்டத்திலும் அந்தக் கேள்வியை நிறுவனர்களிடமே முதலில் கேளுங்கள்.

புதுப்பொறுப்பு:

கேட்கிறேன் அம்மா. ஐந்தொகை ஐயா, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.